பத்து அடுப்பு, ஒரே கூரை

பல்புக்கு மானியம் வந்தது, காஸுக்கும் வந்தது. குளிரைத் தடுக்கும் மானியம் மட்டும் சூரியநெல்லி லயங்களின் வாசலோடு நின்றுவிடுகிறது.

போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பும் பஸ் முந்தலைத் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டைத் தொட்டால் கேரளம். பூப்பாறை தாண்டி ஏலக்காய்க் காடுகள் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில், கீழே ஆனையிறங்கல் அணை மினுங்குகிறது. மூணாறு சாலையை விட்டு விலகி சின்னக்கானல் வழியாக ஏறினால் சூரியநெல்லி. கடைப் பலகைகளில் மலையாளம், கடை வாசலில் தமிழ்.

விடியற்காலை 4 மணிக்கே ஊர் விழித்துக்கொள்கிறது. கொழுக்குமலையில் சூரியோதயம் பார்க்க ஜீப்கள் வரிசையாகப் புறப்படுகின்றன. கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கும் மேலே உள்ள கொழுக்குமலை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் வண்டிப் பாதை சூரியநெல்லியிலிருந்துதான். குல்லாவும் ஸ்வெட்டருமாக நடுங்கிக்கொண்டே சிரிக்கும் பயணிகளுக்குக் குளிர் என்பது காசு கொடுத்து வாங்கும் சுகம். அதே நேரத்தில் பாதையோரத்து லயங்களில் அடுப்பைப் பற்ற வைக்கும் பெண்களுக்கு அது தினசரிச் செலவு: விறகு, இருமல், தூக்கம் கெட்ட இரவு.

லயம் என்பது வரிசை வீடு. ஆறு, எட்டு, பத்து குடும்பங்கள் ஒரே நீளக் கூரையின் கீழ். ஆளுக்கு ஓர் அறை, ஒரு சமையல் கட்டு, முன்னால் சிறு திண்ணை. மூணாறு வட்டாரத்துப் பல லயங்கள் வெள்ளைக்காரர் காலத்தவை. கூரை தகரமாகவோ ஆஸ்பெஸ்டாஸாகவோ இருந்தால், பகலில் அது வெயிலை அப்படியே உள்ளே இறக்கும். இரவில் அடுப்புச் சூட்டை வானத்துக்கு அனுப்பிவிடும். உள்ளே இருப்பவர்களின் மூச்சும் உலை ஆவியும் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிச் சொட்டும். சுவரும் கூரையும் சேரும் இடத்து இடைவெளியில் காற்று நுழையும். அதை அடைத்தால் புகை வெளியேறாது, அடைக்காவிட்டால் சூடு தங்காது.

இத்தனைக்கும் மின்சாரத்துக்குப் பஞ்சமான மலை அல்ல இது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940இல் இதே மூணாறு மலையில்தான் தொடங்கியது. ஆனையிறங்கலில் தேங்கும் நீர் பன்னியாறு மின் திட்டத்துக்குப் போகிறது. 780 மெகாவாட் திறன் கொண்ட இடுக்கி மின் நிலையமும் இந்த மாவட்டத்தில்தான். 2017 மே மாதம் கேரளம் எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்பு தந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

இணைப்புக்கு அடுத்தபடி சிக்கனம். அதிலும் கேரளம் முந்திக்கொண்டது. 2010இல் பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு ஒரு சி.எஃப்.எல். விளக்கு என்று, வீட்டுக்கு இரண்டு வீதம் மின்வாரியம் வழங்கியது. விலையில் விழுந்த துண்டைக் கார்பன் வரவு விற்பனையால் ஈடுகட்டலாம் என்பது கணக்கு. 2021இல் குண்டு பல்பே இல்லாத கேரளம் என்ற திட்டம் வந்தது. பழையதை வாங்கிக்கொண்டு 9 வாட் எல்.ஈ.டி. கொடுத்தார்கள். விலையை மின் கட்டணத்தோடு தவணையாகக் கட்டலாம். 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். எல்.ஈ.டி.க்கு ஒன்றரை யூனிட் கூட ஆகாது. தெருவிளக்குகளை மாற்ற ‘நிலாவு’ என்று தனித் திட்டம். அரிசி தேடி வீட்டுச் சுவரை இடித்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போனது இதே சின்னக்கானல் பகுதியிலிருந்துதான். இங்கே தெருவில் எரியும் ஒரு விளக்கு உயிர்க் காவல்.

விளக்கு வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் எளிது. மின் இணைப்பு எண் இருந்தால் போதும், வீடு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. 2016இல் தொடங்கிய உஜ்வலா காஸ் இணைப்பும் அப்படித்தான். அது ஏழை வீட்டுப் பெண்ணின் பெயருக்கு வந்தது. சிலிண்டர் விலை ஏறும்போது மறுபடி விறகு என்பது வேறு கதை.

கூரை என்று வரும்போதுதான் கேள்வி பிறக்கிறது: வீடு யார் பெயரில்? 2024இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் சொந்த வீடும் தகுந்த கூரையும் வேண்டும். பெயரிலேயே சூரியனை வைத்திருக்கும் ஊரில், லயத்துக் குடும்பத்துக்கு இரண்டும் இல்லை. வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும் வரை குடியிருப்பு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அந்த ஓர் அறைக்காகவே மகனோ மருமகளோ தோட்ட வேலையில் பெயர் கொடுத்த குடும்பங்கள் உண்டு.

வீடு கொடுப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். தேயிலைக்கு விலை இல்லை, பழுது பார்க்கப் பணம் இல்லை என்பது நிர்வாகங்களின் பழைய பல்லவி. தனியார் கட்டடத்தில் பொதுப் பணத்தைப் போடுவதா என்பது அரசுத் தரப்பின் தயக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒழுகுகிறது கூரை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து நான்கு லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் கயத்தாறு பக்கத்துக் குடும்பங்கள். அதன் பிறகு லயச் சீரமைப்புக்கென 10 கோடி ரூபாய் என்ற வரி மாநில பட்ஜெட்டில் எட்டிப் பார்த்தது. மாநிலத்துத் தோட்டங்கள் அத்தனைக்கும் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இந்த முடிச்சு இந்த மலைக்கு மட்டும் உரியதல்ல. பணம் போட வேண்டியவர் வீட்டுக்காரர், மிச்சம் குடியிருப்பவருக்கு. ஆகவே இருவருமே அசைவதில்லை. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கா 1976இல் ஏழை வீடுகளைக் குளிருக்கு இறுக்கமாக்கும் அரசுத் திட்டத்தைத் தொடங்கியபோது இதே சிக்கல் எழுந்தது. அங்கே கண்ட வழி: வாடகை வீட்டிலும் அரசு செலவில் வேலை நடக்கும், ஆனால் உரிமையாளர் சம்மதம் தர வேண்டும், அந்த வேலையைக் காட்டி வாடகையை உயர்த்தக் கூடாது. மானியம் கட்டடத்தில் ஒட்டினாலும் பலன் குடியிருப்பவரிடம் நிற்கும்.

லயத்துக்கு இன்னொன்றும் தேவை. பத்து வீட்டுக்கு ஒரே கூரை என்பதால் ஒரு வீட்டை மட்டும் சரி செய்ய முடியாது. மனுவும் மானியமும் வீட்டுக்கு வீடு அல்லாமல் வரிசைக்கு வரிசை என்று இருக்க வேண்டும். வேலை பெரிய தொழில்நுட்பம் அல்ல. தகரத்துக்கு அடியில் ஒரு தட்டு, சுவர் விளிம்பில் அடைப்பு, அடுப்புக்கு மேலே முறையான புகைபோக்கி. சூடு தங்கும், புகை போகும், விறகு மிச்சமாகும்.

எதிர்வாதமும் உண்டு. லயத்தைச் சீராக்குவது லயத்தை நிரந்தரமாக்குவது. தொழிலாளிக்கு வேண்டியது சொந்த மண்ணில் சொந்த வீடு. சரியான வாதம்தான். சரியும் மண்ணில் நிற்கும் வரிசைகளைச் சீராக்குவதைவிட இடம் மாற்றுவதே முறை. ஆனால் பட்டாவும் வீடும் வரும்வரை இடையில் எத்தனை ஜனவரிகள்? 2015 செப்டம்பரில் பெண்களே திரண்டு மூணாறை ஸ்தம்பிக்க வைத்த ‘பெம்பிளை ஒருமை’ போராட்டம் போனஸுக்காகத் தொடங்கியது. நாடு முழுக்க அதன் மூலம் தெரிந்துகொண்ட விஷயங்களில் இந்த ஓர் அறை வாழ்க்கையும் ஒன்று.

காலை 8 மணிக்குள் ஜீப்கள் திரும்பிவிடுகின்றன. மேகத்துக்கு மேலே எழுந்த சூரியன் கேமராக்களில் பத்திரமாக இறங்குகிறது. கீழே லயத்தில் 9 வாட் விளக்கை அணைத்துவிட்டு, கொழுந்து எடுக்கும் பெண்கள் மலைக்குப் புறப்படுகிறார்கள். இரவெல்லாம் சொட்டிய தகரம் வெயில் பட்டு மெல்லக் காயத் தொடங்குகிறது.