புளி உலுக்கிய பங்குனி

தாத்தா தை மாசத்தில் போய்ச் சேர்ந்தார். ஒகேனக்கலில் காவிரித் தண்ணியில் சாம்பலைக் கரைத்துவிட்டு பென்னாகரம் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பியதிலிருந்து ஆயா தலைக்கு எண்ணெய் வைக்கவே இல்லை. ராகிக் களியைக் கிள்ளிக் கிள்ளிக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு, தாத்தாவின் வெத்தலைப் பெட்டி பக்கத்தில் குந்தியிருப்பாள். எனக்கோ, சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் பெட்டியிலிருந்த பாக்குவெட்டி இனி யாருக்கு என்பதுதான் பெரிய கவலை.

பங்குனியில் மரமேறி வந்து கொல்லைப் புளியை உலுக்கினார். பழம் சடசடவென்று கொட்ட, புழுதியும் புளிப்பும் கலந்த வாசனை எழும்ப, மைனாக்கள் கத்திக்கொண்டு பறக்க, நான் குறுக்கே ஓட, "மண்டையில உழும்டா, இந்தாண்ட வா!" என்று ஆயாவின் குரல். எவ்வளவோ நாள் கழித்து வந்த திட்டு; எனக்கு ஏக சந்தோஷம்.

அப்புறம் தினமும் மர நிழல்தான். ஊர்ப் பெண்கள் சாக்கு விரித்து ஓடு உடைப்பார்கள், நார் உரிப்பார்கள், கல்லில் வைத்துக் கொட்டை தட்டுவார்கள். தெறித்த கொட்டைகளைப் பொறுக்கி வறுத்துத் தின்பது என் வேலை. ஆயா முதலில் பேசாமல் தட்டினாள். பிறகு தட்டிக்கொண்டே அழுதாள். எங்கோ செம்போத்து கூவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தாத்தா சந்தையில் கிழட்டு மாட்டை வாங்கி வந்த கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. வேலையை மட்டும் அவள் பக்கம் தள்ளி வைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அத்தை, "தல என்னாக்கா புளி நாராட்டம் கெடக்குது, இப்படிக் குந்து" என்று விளக்கெண்ணெயோடு வந்துவிட்டாள். அரக்கி அரக்கித் தேய்க்க, ஆயா கண்ணை மூடிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அதியமானின் நெல்லிக்கனியை மட்டுமே சொன்னார்கள். புறநானூற்றின் 235ஆம் பாட்டை வளர்ந்த பிறகுதான் படித்தேன். இறந்துபோன அதியமான் அஞ்சியை நினைத்து அழும் அவ்வை, அவன் பகிர்ந்து தந்த கள்ளையும் சோற்றையும் மட்டுமல்ல, தன் தலையைத் தடவிக்கொடுத்த கையையும் சொல்லி அழுகிறாள். அஞ்சி ஆண்ட எங்கள் தகடூர் மண்ணின் பழைய அழுகை அது. படித்தபோது எனக்கு விளக்கெண்ணெய் மணத்தது.

அரப்புத் தேய்த்துக் குளித்த அன்று ராத்திரி ஆயா முழுக் களியையும் சாப்பிட்டாள். அடுத்த வாரம் புளி எடுக்க வந்த வியாபாரி தராசைச் சாய்த்துப் பிடிக்கிறார் என்று அவள் போட்ட சண்டையில், மனுசன், கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.