பங்கும் கேள்வியும்

பங்கு என்னும் சொல் தோட்டப்புறத் தமிழருக்குப் புதியதன்று. தீபாவளிக்கு முந்தின நாள் லயத்துக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு ஒன்றுகூடிப் பணம் போட்டு ஆடு வாங்குவதும், இறைச்சியைக் கூறு போட்டு எடுத்துக்கொள்வதும் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அந்தப் பங்கில் ஒளிவுமறைவு இல்லை. ஆட்டை எல்லோரும் பார்த்தார்கள். விலையை எல்லோரும் அறிந்தார்கள். கூறு போடும் இடத்தில் எல்லோரும் நின்றார்கள். ஒரு கூறு சிறுத்துத் தெரிந்தால் அங்கேயே கேள்வி எழுந்தது. அங்கேயே விடையும் கிடைத்தது. கேட்டவரை எவரும் பழிக்கவில்லை.

நிறுவனத்தின் பங்கும் அடிப்படையில் இத்தகையதே. பலர் பணம் போட்டு ஒரு தொழிலை வாங்குகிறார்கள். அதன் விளைவைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆயின் இங்கே ஆடு கண்ணுக்குத் தெரிவதில்லை. கூறு போடும் இடமும் தொலைவில் இருக்கிறது. காணாத பொருளைப் பற்றி அதிகமாகக் கேட்க வேண்டும் என்பதே அறிவுடைமை. ஆனால், இறைச்சிக்கூறு சிறுத்ததற்குக் குரல் எழுப்பிய அதே மக்கள், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய பங்கைப் பற்றி வாய் திறவாமல் இருந்தனர். அது ஏன் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

தோட்டமே ஒரு பங்குதான் என்பதை முதலில் நினைவு கூர்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் பல, இலண்டனில் பங்கு விற்றுத் திரட்டிய முதலால் உருவாயின. 1909, 1910 ஆம் ஆண்டுகளில் இரப்பர் விலை ஏறியபோது அந்நகரில் தோட்டப் பங்குகளை வாங்கப் பெரும் போட்டி நிகழ்ந்தது. பத்தாங் பெர்ஜுந்தை அருகே, தமிழ்ச் சொல்லின் ஒலியையே பெயராகத் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில், 1917 இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியர் செம்பனையை நட்டார். மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பட்டது அங்கேதான். நட்டவனும் பால் வெட்டியவனும் குலை அறுத்தவனும் தமிழன்; ஆண்டு முடிவில் இலாப ஈவு பெற்றவர்களோ கடல் கடந்த நகரங்களில் இருந்தார்கள். அவர்கள் மரத்தைப் பார்த்ததில்லை. எனினும் கணக்கைப் பார்த்தார்கள். நிறுவனம் ஆண்டுதோறும் அவர்களுக்கு அறிக்கை அனுப்பியது. கேள்வி கேட்கும் உரிமை மரத்தடியில் நின்றவனுக்கு இல்லை; பத்திரம் வைத்திருந்தவனுக்கு இருந்தது.

இந்த உண்மை 1950களில் கசப்பாக வெளிப்பட்டது. நாடு விடுதலை பெறும் காலத்தில் வெளிநாட்டு உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடிச் சிறு சிறு மனைகளாக விற்றனர். வேலையும் வீடும் ஒருங்கே போயின. இந்த இடருக்கு மாற்றாக 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தனர். சங்கம் அந்தப் பணத்தால் தோட்டங்களை வாங்கியது. வாங்கிய பொருள் அவர்களுக்குத் தெரிந்த பொருள். மண்ணும் மரமும் பற்றிப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மேலும், கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்குதான். சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

அடுத்த கட்டம் வேறு விதமானது. 1981 செப்டம்பர் 7 ஆம் நாள் காலை, மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனமான பிஎன்பி, இலண்டன் பங்குச் சந்தையில் பங்குகளை வாங்கி, கத்ரி தோட்ட நிறுவனத்தின் பெரும்பான்மை உரிமையைச் சில மணி நேரத்தில் பெற்றது. பெருந்தோட்டங்கள் ஒரு காலைப்பொழுதில் கைமாறின. ஒரு மரமும் அசையவில்லை. அதே ஆண்டில் பூமிபுத்திராக்களுக்கென அமானா சஹாம் நேஷனல் தொடங்கப்பட்டது. இந்திய சமூகமும் நிறுவன உலகில் இடம்பெற வேண்டும் என்ற வேட்கை எழுந்தது இயல்பே. 1982 இல் ம.இ.கா.வின் முயற்சியால் மைக்கா ஹோல்டிங்ஸ் உருவாயிற்று. ஏறத்தாழ 66,000 பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் முதலீடு செய்தனர். ஒரு பங்கின் விலை ஒரு வெள்ளி. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கெடுத்த தோட்டத் தொழிலாளர்கள் பலர். சமூகத்தின் பெயரால் கேட்கப்பட்ட பணத்தை அவர்கள் சமூகத்தின் பெயராலேயே கொடுத்தனர்.

பின்னர் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. மைக்கா கோலாலம்பூர் பங்குச் சந்தையில் ஒருபோதும் இடம்பெறவில்லை. 1990 இல் டெலிகாம் பங்குகள் ஒரு கோடி ஒதுக்கப்பட்டபோது அவற்றுள் பத்து இலட்சமே மைக்காவுக்கு வந்தது. எஞ்சியவை வேறு நிறுவனங்களுக்குச் சென்றன. அது குறித்த சர்ச்சை 1992 இல் வெடித்தது, விசாரணை நடந்தது, எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. இறுதியாக 2010 இல், ஜி டீம் என்னும் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 காசு தந்து வாங்கிக்கொள்ள முன்வந்தது.

1982 இல் 1,000 வெள்ளி போட்டவர், 28 ஆண்டுகளுக்குப் பின் 800 வெள்ளி பெறும் நிலை. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவரும் செய்யக்கூடிய கணக்கு ஒன்றை இங்கே செய்து பார்க்கலாம். அதே 1,000 வெள்ளி ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டுவட்டியில் வளர்ந்திருந்தால், 14 ஆண்டுகளில் ஏறத்தாழ இருமடங்காகும். 28 ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இடையில் கிடைத்த ஈவுத் தொகை எதுவாயினும் அதைக் கூட்டிக்கொள்ளலாம். அப்போதும் இடைவெளி பெரிதே. இந்த இடைவெளிதான் கேளாமையின் விலை.

பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையில் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் வாழ்ந்தார். அவரிடம் 500 பங்குகளுக்கான பத்திரம் இருந்தது. பிறப்புச் சான்றிதழ்களோடும் இறந்த மனைவியின் புகைப்படத்தோடும் டிரங்குப் பெட்டியின் அடியில் அதை வைத்திருந்தார். 2010 இல் ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை நான்காம் படிவம் படித்த பேத்தி படித்துக் காட்டினாள். 400 வெள்ளி கிடைக்கும் என்று சொன்னாள். பின்பு, “தாத்தா, வாங்கும்போது இதை எங்கே விற்பது என்று கேட்டீர்களா?” என்றாள். அவர் சற்று நேரம் பேசவில்லை. “விற்பதற்காகவா அம்மா வாங்கினோம்? நம் சனம் நிமிர வேண்டும் என்று வாங்கினோம்” என்றார்.

இந்த விடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதில் அறியாமை மட்டும் இல்லை, ஈகையும் இருக்கிறது. தன் பிள்ளைகளுக்கும் தன் இனத்துக்கும் சேர்த்து ஒருவர் கொடுத்த பணம் அது. ஆனால், கோயில் உண்டியலில் இடும் காணிக்கைக்கும் நிறுவனத்தில் போடும் முதலுக்கும் வேறுபாடு உண்டு. காணிக்கை இட்டவர் கணக்குக் கேளாதிருத்தல் பக்தி எனப்படலாம். முதலிட்டவர் கணக்குக் கேளாதிருத்தல், அம்முதலை ஆளுவோருக்கும் நன்மை செய்வதாகாது. அன்பினால் கொடுக்கப்பட்ட பணத்துக்கு மிகுந்த காவல் வேண்டும். அந்தக் காவல் கேள்விதான்.

தனி முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்விகள் பல அல்ல. முதற்கேள்வி: வாங்குவது கடனா, உரிமையா என்பது. ஊழியர் சேமநிதி தன் வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு தருவதாகச் சட்டப்படி உறுதி கூறுகிறது. பங்குக்கு அத்தகைய உறுதி எதுவும் இல்லை. தொழில் வென்றால் ஆதாயம், தோற்றால் இழப்பு. இரண்டாம் கேள்வி: ஆதாயம் எங்கிருந்து வரும் என்பது. நிறுவனம் எதை விற்கிறது, யாருக்கு விற்கிறது என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாதவர் அதன் பங்கை வாங்காதிருப்பது நன்று. மூன்றாம் கேள்வி பேத்தி கேட்டது: விற்க நேர்ந்தால் யாரிடம், என்ன விலைக்கு விற்பது? சந்தையில் இடம்பெற்ற பங்குக்கு நாள்தோறும் விலை தெரியும். இடம்பெறாத பங்கு, வாசல் ஒன்றே உள்ள வீடு போன்றது. அந்த வாசலின் திறவுகோல் பிறர் கையில் இருக்கும்.

நான்காம் கேள்வி: சேமிப்பு முழுவதையும் ஒன்றிலேயே போடலாமா என்பது. இதற்குத் தோட்ட வரலாறே விடை கூறும். இரப்பரைப் பெரிதும் நம்பியிருந்த மலாயாவில் 1930களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இரப்பரின் அருகே செம்பனையையும் வளர்த்த தோட்டங்களுக்கு இரண்டாவது துணை இருந்தது. சிறுமுதலாளிக்கும் அதுவே நெறி.

ஐந்தாம் கேள்வி: விலை விழும்போது விற்பதா, பொறுப்பதா என்பது. 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளிகளைத் தொட்ட கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு, 1998 செப்டம்பர் முதல் நாள் 262க்கு இறங்கியது. பழைய உச்சத்தை அது மீண்டும் கடக்க 2007 வரை ஆயிற்று. கடன் வாங்கிப் பங்கு வாங்கியோரால் அந்தப் பத்தாண்டு காத்திருக்க இயலவில்லை. பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுத் தவணைக்கோ வைத்த பணத்தைப் போட்டோராலும் இயலவில்லை. எனவே இக்கேள்விக்கான விடை விழும் நாளில் காணத்தக்கதன்று. வாங்கும் நாளில் தீர்மானிக்கத்தக்கது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

ஆறாம் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை: பங்குக்கு உரியவர் இறந்தபின் அது யாருக்கு? மைக்காவின் பங்குதாரர் பலர் 2010க்கு முன்பே மறைந்துவிட்டனர். பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயருக்கு வேறு எழுத்து, முகவரியோ இடிக்கப்பட்ட லயம் என்ற நிலையில் வாரிசுகள் அலைய நேர்ந்தது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் வாரிசை நியமிக்கலாம். நிறுவனப் பங்குக்கு உயில் எழுதி வைத்தல் நலம். உயில் இல்லையெனில் வாரிசுகள் அமானா ராயா நிறுவனத்தையோ நீதிமன்றத்தையோ நாட வேண்டும். பெறப்படாத ஈவுத்தொகை அரசின் உரிமை கோரப்படாத பணப் பதிவாளரிடம் சேர்ந்திருக்கக்கூடும். சான்று காட்டி அதைக் கேட்டுப் பெறலாம். முகவரி மாறினால் ஒரு கடிதம், வீட்டாருக்குத் தெரியும்படி ஒரு குறிப்பேடு என்னும் இவ்விரண்டும் பல ஆண்டு அலைச்சலைத் தவிர்க்கும்.

இவை அனைத்தும் எளிய கேள்விகள். எனினும் ஏன் கேட்கப்படவில்லை? தோட்டத்து வாழ்க்கை ஒரு பழக்கத்தை ஊட்டியிருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, சொன்ன நிரைக்குச் சென்று, கொடுத்த கூலியை வாங்கிக் கைநாட்டு வைப்பது அந்த வாழ்க்கையின் ஒழுங்கு. துரையிடம் கேள்வி கேட்டவன் வேலை இழந்தான். அந்த மௌனம் தலைமுறை கடந்து, துரை இல்லாத இடத்துக்கும் வந்துவிட்டது. பங்குதாரர் கூட்டத்துக்குச் சென்றவரும், மாலை மரியாதைகளைப் பார்த்துவிட்டு உணவுப் பொட்டலத்தோடு வீடு திரும்பினால், தாம் உரிமையாளர் என்பதை மறந்தவராகிறார். ஆண்டறிக்கையைப் பெறுவது, தணிக்கையாளரின் குறிப்பைப் படிப்பது, கூட்டத்தில் எழுந்து கேட்பது, வர இயலாவிடில் பதிலாளை நியமித்து வாக்களிப்பது ஆகியவை பங்கோடு சேர்ந்து வரும் உரிமைகள். கேட்பவன் தலைவனை அவமதிப்பதாகக் கருதும் சமூகம், நல்ல தலைவனுக்கும் தீங்கு செய்கிறது. அவன் நேர்மையை மெய்ப்பிக்கும் வாய்ப்பை அவனுக்கு அது தருவதில்லை.

இந்தப் பழக்கத்தை மாற்றும் இடம் வகுப்பறை. தென்னமரம், ராஜா மூசா, புக்கிட் ஈஜோக் முதலிய தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இவ்வட்டாரத்தில் உள்ளன. அங்கே வட்டிக் கணக்கு கற்பிக்கப்படுகிறது. கடிதம் எழுதக் கற்பிக்கப்படுகிறது. கருத்துணர் பகுதிகள் படிக்கப்படுகின்றன. வட்டிக் கணக்கைத் தாத்தாவின் பத்திரத்தோடும், கடிதப் பயிற்சியை நிறுவனச் செயலாளருக்கு எழுதும் கடிதத்தோடும், கருத்துணர்தலை ஓர் ஆண்டறிக்கையின் ஒரு பக்கத்தோடும் இணைத்துக் கற்பித்தல் அரிதன்று. அதற்குப் புதிய பாடநூலோ புதிய பாடவேளையோ வேண்டியதில்லை. ஆசிரியர் பாடத்தை முடித்தபின், “யாருக்கேனும் கேள்வி உண்டா?” என்று கேட்டு, ஒரு கை உயரும்வரை பொறுத்திருந்தால் போதும்.