அரியலூரில் ஒரு கடல் மோட்டார்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் ஒரு படகு மோட்டாரைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்பதற்கு முன்னால், "ஏங்க, அரியலூர்ல கடல் எப்ப வந்துச்சு?" என்று கேட்பார்.

வந்தது ஸார்... பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால்! காரை கிராமத்துப் பக்கம் மழை அரித்த பள்ளங்களில் சுருள் சுருளாக அம்மோனைட் கிடைத்திருக்கிறது. சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது, 1940-ல் கண்டுபிடித்தார்கள். கல்லங்குறிச்சியில் சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் புதைந்து சுண்ணாம்புக்கல்லாகி இருக்கின்றன. சிமென்ட் மூட்டையாக நம்ம வீட்டுச் சுவருக்கு வருவது அந்த ஊர்க் கடல்தான். மாவட்டமாவது 2001-ல் பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. கடல் போனது போனதுதான்.

மோட்டார் என்னுடையது அல்ல. என்னோடு பி.காம். படித்த தரங்கம்பாடி நண்பனுடையது. நான் எழுத வந்தேன், அவன் கடலுக்குத் திரும்பினான். யார் புத்திசாலி என்பது மாதக் கடைசியில் தெரியும். பழைய ரெண்டு ஸ்ட்ரோக் மோட்டார், ஒரு சிப்பம் அரிசி கனம். மீன் வண்டியில் போட்டு என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "அரியலூர்ல அந்த அண்ணன்கிட்ட குடுடா. அவர் கை பட்டாதான் இது பிழைக்கும்" என்றான்.

'அந்த அண்ணன்' ஒரு காலத்தில் கடலோரத்தில் பட்டறை வைத்திருந்தவர். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு மனைவியின் ஊரான அரியலூருக்கு வந்துவிட்டார். இப்போது மொபெட்டும், பருத்திக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரும்தான் பிழைப்பு. வந்ததிலிருந்து கடற்கரைப் பக்கம் போனதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி முகமும் இல்லை.

மோட்டாரைப் பிரித்தார். பிஸ்டனில் நீளநீளமாய்க் கீறல்.

"மைலேஜுக்காக ஜெட்டைச் சின்னதாக்கிட்டாங்களா?"

நண்பன் அதைத்தான் செய்திருந்தான். லிட்டருக்கு நாலு காசு மிச்சம் என்று யாரோ சொல்ல, கார்பரேட்டரில் ஒரு சைஸ் சின்ன ஜெட் போட்டிருக்கிறான். நடுக்கடலில் முழு வேகத்தில் போகும்போது மோட்டார் 'கிறீச்'சென்று பிடித்துக்கொண்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வரும்வரை, காலையிலிருந்து சாயங்காலம்வரை, அலையில் கிடந்திருக்கிறான். பி.காம். படித்தவன் போடுகிற சிக்கனக் கணக்கு!

ஜெட் என்பது சுண்டுவிரல் நகம்கூட இல்லாத பித்தளைத் திருகாணி, நடுவில் ஒரு துளை. முழு வேகத்தில் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று அந்தத் துளைதான் முடிவு செய்கிறது. ரெண்டு ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்தே போகிறதல்லவா? பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு ஏறும், வழுவழுப்பு போகும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பத்தாததற்கு இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். அதே காற்றுக்கு எரிபொருள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பழைய ஜெட்டே பத்துமா பத்தாதா என்கிற நிலையில் அதையும் சின்னதாக்கினால்?

"அப்ப பெருசா ஒண்ணு போட்டுடுங்கண்ணே" என்றேன் நான், பெரிய மனது பண்ணி.

"துளை அகலம் பத்து பர்சென்ட் கூடினா, பரப்பு இருபத்தொண்ணு பர்சென்ட் கூடும் தம்பி. பிளக் கரியாகி அடைச்சுக்கும்." எனக்குக் கூட்டு வட்டி ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஜெட்டில் நம்பர் இருக்கும். அதை நம்பி வேறு கம்பெனி ஜெட்டைப் போடக்கூடாதாம். சில கம்பெனிக்கு அது துளையின் அகலம். சில கம்பெனிக்கு நிமிஷத்துக்கு எத்தனை சி.சி. பாயும் என்ற கணக்கு. அடைத்தால் கம்பி விட்டுக் குத்தவும் கூடாது. துளை பெரிதாகிவிடும்.

நாலு நாளில் பிஸ்டன் மாற்றி, நீல பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் மாட்டி ஓடவிட்டார். அரியலூர்த் தெருவில் ஒரு பீப்பாய்க் கடல் நுரைத்தது. பொடிசுகள் கூடிவிட்டன.

"இது ஐட்லிங் பாக்கத்தான். பீப்பாயில பாத்து ஜெட்டை முடிவு பண்றது, பொண்ணு பாக்கற அன்னிக்கு மாப்பிள்ளை குணத்தை முடிவு பண்ற மாதிரி" என்றவர், ஒரு தீப்பெட்டிக்குள் மூன்று ஜெட்டுகளைப் போட்டுக் கொடுத்தார். "பெருசுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. கடல்ல முழு வேகம் ரெண்டு நிமிஷம். அப்படியே ஆஃப் பண்ணிட்டு பிளக்கைக் கழட்டணும். மெதுவா ஓட்டிக் கரைக்கு வந்து கழட்டினா பிளக் பொய் சொல்லும். வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தலை. கறுப்பா இருந்தா ஜாஸ்தி. டீ கலர் வரணும்."

"நீங்களே ஒரு நடை வந்து பார்த்துட்டா..."

"பிளக்கைக் கொண்டாங்க. போதும்."

அடுத்த வாரம் கொண்டுபோனேன், 'ரெண்டாவது ஜெட்' என்று நண்பன் எழுதிய காகிதத்தில் சுற்றி. வாசல் வெயிலுக்குப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவே இருக்கட்டும்" என்றார். பிளக்கை உடனே திருப்பித் தரவில்லை. விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"அங்க இப்ப கொண்டல் அடிக்குதா?"

பெரம்பலூர்க்காரனுக்கு என்ன தெரியும்? நண்பனுக்கு போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் எதிர்க்கடையில் ரெண்டு டீ குடித்துவிட்டேன்.