கருவியின் எழுத்தறிவு

பினாங்கில் இன்டெல் நிறுவனம் 1972இல் ஆலை தொடங்கியது. கணினிச் சில்லுகளை இத்தீவினர் பொருத்தினர். அத்தகைய தீவின் தமிழ் மாணவர் மேசைக் கணினியில் நிரல் எழுத எச்சூழலைத் தேர்வது?

விரைவும் விலையும் மட்டுமே அளவுகோல் ஆகா. ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்டறிதல் வேண்டும். பைத்தான் 5 என்னும். ஸ்விஃப்ட் 3 என்னும். இகரக் குறியையும் மெய்ப்புள்ளியையும் யூனிகோடு தனித்தனிக் குறியீடாக வைத்துள்ளது. பைத்தான் குறியீடுகளை எண்ணுகின்றது. ஸ்விஃப்ட் எழுத்துகளை எண்ணுகின்றது. ஆயினும் பைத்தானைத் தள்ள வேண்டுவதில்லை. ‘ஓப்பன் தமிழ்’ நிரலகத்தின் துணைகொண்டு எண்ணினால் அதுவும் 3 என்றே கூறும்.

யாப்பை ஆராயும் நிரலில் எழுத்துத் தவறினால் அசை தவறும். அசை தவறினால் சீரும் தளையும் தவறும். ஆதலின், கருவியைத் தேர்பவர் முதற்கண் அதன் எழுத்தறிவைச் சோதிப்பாராக.