போணக்காட்டில் ஓர் இயந்திர வாள்

திருவனந்தபுரம் என்றதும் நம் அன்பர்களுக்கு அனந்தபத்மநாபசுவாமி கோயிலும், சாலைக் கடைத்தெருவும், சங்குமுகக் கடற்கரையுமே நினைவுக்கு வரும். அந்நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் முற்றிலும் வேறானதொரு மலையுலகம் தோன்றும். அதுவே போணக்காடு. 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்துக்கு நடந்து செல்வோர் இங்கிருந்துதான் புறப்படுகின்றனர். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டமும், அதில் உழைக்க வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் லயங்களும் இங்கே உள்ளன.

சென்ற இடவப்பாதி மழையின்போது, அங்கு வாழும் என் உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்போம். அடிவாரத்துப் புரையிடங்களில் முதிர்ந்த ரப்பர் மரங்களை அறுத்துக் கொடுப்பது அவர் தொழில். நான் சென்ற மாலையில், லயத்துத் திண்ணையில் சாக்கு விரித்து, தம் செயின்சாவைப் பிரித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேலை உண்டோ அண்ணாச்சி?" என்றேன்.

"வேலை இல்லை தம்பி. ஆனால் மழை இருக்கிறதே!" என்றார்.

அதன் பொருளை இரவு உணவுக்குப்பின் விளக்கினார். சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்றதொரு மழையிரவில் பெருமரம் ஒன்று சாலையின் குறுக்கே விழுந்துவிட்டது. விடியும் வேளையில் அடுத்த வீட்டு மூதாட்டிக்கு மூச்சுத்திணறல் கண்டது. ஜீப்பு இருந்தது, வழி இல்லை. அண்ணாச்சி தம் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எத்தனை முறை கயிற்றை இழுத்தும் அது உயிர்க்கவில்லை. மூன்று மாதமாகத் தொட்டியில் கிடந்த பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரின் நுண்துளைகளைப் பிசின்போல் அடைத்திருந்தது. நாற்காலியில் அமர்த்திய கிழவியை நால்வர் தூக்கி மரத்தைக் கடத்தி, அப்பால் வேறு வண்டி வரும்வரை காத்திருந்தனர். அம்மையார் பிழைத்தார். ஆயினும் வீணாய்ப் போன அந்த இரண்டு மணி நேரத்தை அண்ணாச்சி இன்றும் மறக்கவில்லை.

"பிழை இயந்திரத்தினுடையது அன்று, என்னுடையது" என்றார்.

1929ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஆக்கிய பெட்ரோல் வாளின் எடை 46 கிலோ. இன்று ஐந்தாறு கிலோவில் ஒருவர் கையில் அது அடங்கிவிடுகிறது. எடை குறைந்ததேயன்றி, அது வேண்டும் கவனம் குறையவில்லை. இந்த இரண்டு வீச்சு எஞ்சினுக்குத் தனியே மசகெண்ணெய் இல்லை. பெட்ரோலில் கலக்கும் எண்ணெயே அதற்கு உயிர். அண்ணாச்சியின் இயந்திரத்துக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில். அதற்கு மேலும் கீழும் போகாமல் அளந்து ஊற்றுகிறார். இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் சேர்கிறது. மூடுபனி சூழ்ந்த மலையில் அது ஈரத்தை ஈர்க்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் அவர் கலந்து வைப்பதில்லை. நெடுநாள் ஓய்வென்றால் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே அணையும்வரை ஓட விடுகிறார்.

அவருடைய மாலைக் கடமைகள் எளியவை. காற்று வடிகட்டியில் படிந்த தூளைத் தட்டித் துடைக்கிறார். பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். வட்ட அரத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்ப்புக் கொடுக்கிறார். அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் பல் கூராயிருக்கிறது. மாவுபோல் விழுந்தால் மழுங்கிவிட்டது. சங்கிலி கீழ்ப்புறம் தொங்கலாகாது. ஆனால் எஞ்சின் அணைந்திருக்கையில் கையால் இழுத்தால் தடையின்றி நகர வேண்டும். சங்கிலிக்குரிய எண்ணெய் வேறு. அதற்குரிய தொட்டியும் வேறு. தகரப் பெட்டி ஒன்றில் மாற்றுப் பிளக்கு, மாற்றுச் சங்கிலி, இழுகயிறு, வடிகட்டி ஆகியவை துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒரு பிளக்கு வாங்கவும் மலையிறங்கிப் போக வேண்டிய ஊரில், அப்பெட்டியே கடை.

மறுநாள் காலையில் சொல்லிவைத்தாற்போல் ஒரு மரம் சாலையில் கிடந்தது. மேலே பேருந்து நின்றது. உள்ளே பள்ளிப் பிள்ளைகள். வனத்துறைக் காவலர் வந்து ஒப்புதல் தந்தபின், அண்ணாச்சி மரத்தை ஒருமுறை சுற்றி வந்து, அது எப்பக்கம் அழுந்திக் கிடக்கிறது என்று பார்த்தார். கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுப்பில் வாள் முழங்கிற்று. சீவல்கள் மழைத்துளிகளோடு பறந்தன. அரை மணியில் வழி திறந்தது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது குமரி மாவட்டச் சாலைகளில் மரங்கள் சாய்ந்து கிடந்ததைக் கண்ட அன்பர்களுக்கு, இந்த அரை மணியின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

பேருந்து எங்களைக் கடந்தபோது பிள்ளைகள் கையசைத்தனர். அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. மழையில் நனையாதபடி வாளைத் தம் துண்டால் மூடிக்கொண்டு திண்ணையை நோக்கி நடந்தார். அடுத்த மரம் எந்த இரவில் விழுமென்று எவர் அறிவார்? அன்று மாலையும் அவருக்கு வேலை இருந்தது.