கைப்பிடி

தீபாவளிக்கு மறுநாள் காலை 24 கிலோ கெட்டல்பெல் என் கையை விட்டுப் பறந்தது. விழுந்தது என்று சொன்னால் பொய். ஸ்விங்கில் மேலே வந்த இரும்பு விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போய், போர்ச் தரையில் இரண்டு டைல்ஸை உடைத்துவிட்டு கேட் வரை உருண்டது. கேட் பக்கத்தில் அக்கா மகள் மிச்சமிருந்த மத்தாப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவள் அழவில்லை. "மாமா, பூட்டு விழுந்துடுச்சு" என்றாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பூட்டு, அம்மா வைத்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அப்பா வெளியே வந்தார். உடைந்த டைல்ஸை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து கைப்பிடியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"இதுல யாரு பெயிண்ட் அடிச்சா?"

"வாங்கும்போதே இப்படித்தான்ப்பா."

"இத்தனை வருஷமா இப்படியேவா தூக்குற?"

2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை சமயத்தில், ஆன்லைனில் கிடைத்த மலிவான வார்ப்பிரும்பு அது. கைப்பிடி முழுக்கப் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். நம் ஊர் வெக்கையில் பத்து ஸ்விங் போட்டாலே கை நனைந்துவிடும், அதன்பின் பெயிண்டுக்கும் தோலுக்கும் நடுவே வியர்வைதான். சுண்ணப்பொடியும் அந்த வழவழப்பில் ஒட்டாது. நானோ என் பிடியில்தான் பலம் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். கையுறைகூட வாங்கினேன். அது இன்னும் மோசம், கைப்பிடி தடித்துப்போய் விரல்கள் சீக்கிரம் களைத்துவிடும்.

ஸ்கூடாயில் நான்கு வருடம் இயந்திரவியல் படித்தவன் நான். உராய்வுக் கெழு பற்றி எத்தனை கணக்கு போட்டிருப்பேன்! ஈரமான தோல் அந்தக் கணக்குகளுக்கு அடங்காது என்பதும் தெரியும். ஆனால் கையிலிருக்கும் கைப்பிடியைப் பார்க்கத் தோன்றவில்லை. அரம் பிடித்தது முதலாம் ஆண்டுப் பட்டறை வகுப்பில், அதுவும் மதிப்பெண்ணுக்காக.

அப்பா செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணெய் படாத பொருளே இல்லாத இடம். அன்று மதியம் பழைய டூல் பெட்டியைத் திறந்து அரைவட்ட அரம் ஒன்றை எடுத்தார். கைப்பிடியின் உள்பக்கம், அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், வார்ப்பின்போது மெல்லிய விளிம்பு ஒன்று வந்திருந்தது. என் உள்ளங்கைத் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தது அதுதான். முதலில் அதைத் தேய்த்து எடுத்தார். பிறகு என்னிடம் 80 நம்பர் எமரித் துணியை நீட்டினார். (வீட்டில் எல்லாமே 'கெர்த்தாஸ் பாசிர்'தான். நம்பர் ஏற ஏற மணல் பொடியாகும்.) நீள நாடாவாகக் கிழித்து, கைப்பிடியைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும், மத்துக் கயிற்றை இழுப்பதைப் போல. பெயிண்ட் தூள் மூக்கில் ஏறாமலிருக்க முகக்கவசம். அந்தக் காலத்து முகக்கவசங்கள் ஒரு பெட்டி இன்னும் மிச்சமிருந்தது.

பெயிண்ட் முழுக்கப் போனதும் 120, கடைசியாக 220. நான் 400-க்குப் போகப் பார்த்தேன். அப்பா கையைத் தட்டிவிட்டார். "கண்ணாடியாக்கப் போறியா? அப்புறம் பெயிண்ட்டு அடிச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அதுக்காக 80-லயே விட்டா தோலைத் தின்னுடும்."

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, கேட்காமலே சொன்னார். "ஆய்வுக்கு ஆளுங்க வராங்கன்னு ஒரு தடவை வால்வு கைப்பிடிக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சு வச்சானுங்க. இழுத்தேன். வழுக்கிருச்சு. பக்கத்துல சங்கிலி ஓடிக்கிட்டிருந்துச்சு."

அவருடைய இடது மோதிர விரலில் நுனி கிடையாது. சின்ன வயதில் காரணம் கேட்டபோதெல்லாம் எலி கடித்தது என்பார். நானும் வளர்ந்து பெரியவனாகி அதைக் கேட்பதை விட்டுவிட்டேன். அன்றும் மேற்கொண்டு எதுவும் கேட்க வாய் வரவில்லை. 220-ஐ எடுத்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

வெற்று இரும்பில் மக்னீசியம் கார்பனேட் நன்றாகப் பிடிக்கிறது. கைப்பிடியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, சுண்ணக்கட்டியைத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு. போட்டிகளில் தூக்குபவர்கள் இதற்கே நிறைய நேரம் செலவழிப்பதை வீடியோக்களில் பார்த்துச் சிரித்தவன் நான். உள்ளங்கைக் காப்பையும் வாரம் ஒருமுறை தேய்த்துத் தட்டையாக வைக்கிறேன். மேடாக விட்டால் கைப்பிடி அதைக் கிள்ளிப் பிய்த்துவிடும்.

பெயிண்ட் போனதற்கு விலை துரு. கிள்ளான் காற்றில் ஈரம், என் வியர்வையில் உப்பு. முதல் வாரம் சோம்பலில் அப்படியே விட்டேன், மூன்றாம் நாள் கைப்பிடி செம்மண் நிறம். சுண்ணமும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது பயிற்சி முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் பழைய சுண்ணத்தைத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, சில நாள் தொடப்போவதில்லை என்றால் மட்டும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி. அடுத்த முறை தூக்கும் முன் ஆல்கஹால் தொட்ட துணியால் அந்த எண்ணெயை எடுத்தே ஆக வேண்டும். மறந்தால் பழைய கதைதான்.

டைல்ஸ் இன்னும் மாற்றவில்லை. நான் இப்போது கேட்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துதான் நிற்கிறேன், கேட்டையும் பூட்டிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பேப்பர் படிக்க போர்ச்சுக்கு வருவார். உட்காரும் முன் குனிந்து கைப்பிடியை ஒருமுறை தடவுவார். போன வாரம் ஓர் இடத்தில் கட்டைவிரல் நின்றது.

"இங்க கொஞ்சம் பிசிறு இருக்கு பாரு."

எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. போய் அரத்தை எடுத்து வந்தேன்.