காலண்டர் லட்சுமி

கோடு, வண்ணம், வெளி பற்றிப் பேச நம் விமர்சகர்கள் பாரிஸுக்குப் போகிறார்கள். எனக்கு அவை பிடிபட்டது சிவகாசி காலண்டரில். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகத் திரைகள் எழுதியவர். அவர் படங்களில் உடலின் திரட்சி ஐரோப்பாவினுடையது. பின்னணியோ மேடைத் திரைபோல ஆழமற்றது. நாம் உள்ளே நுழைய அங்கே இடமில்லை. லட்சுமிதான் முன்னே வருகிறாள், நேரே நம்மைப் பார்க்கிறாள். பூதக்கண்ணாடி வைத்தால், அச்சில் அவளுடைய பொன்னிறம் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்புப் புள்ளிகளாக உதிர்கிறது. அதே ஊரில்தான் தீப்பெட்டி லேபிள்களும் அச்சாயின. 1980களில் அவற்றைப் பசை தடவி ஒட்டிய விரல்களில் பல, பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுடையவை. வண்ணத்தில் பழகிய கண் அந்த விரல்களையும் பார்க்க வேண்டும். ரசனை என்று நான் சொல்வது அதையும் சேர்த்துத்தான்.